கம்பஞ்சோறும் பூக்குழியும்

என் வீட்டுக்காரருக்குச் சுகர் இருக்கிறது என்று தெரிந்தபோது எங்கள் தெருவில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டிய மனிதர். இந்தப் பக்கம் வந்தால் ஒரு டீ, அந்தப் பக்கம் போனால் ஒரு டீ. டிரைவர் என்றால் டீக்கடைக்காரர் கேட்காமலே சீனியைக் கூடப் போடுவார். அது ஒரு மரியாதை. வில்லிபுத்தூரில் பால்கோவாவைச் சூடாக இறக்கினால் இலையில் ஒரு துண்டு வைத்து பஸ் ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். அதுவும் மரியாதைதான். இப்படி மரியாதை செய்து செய்தே ஊர்க்காரர்கள் அவர் உடம்பை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

பல வருஷம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இஷ்டத்துக்குத் தின்றார். வாயைக் கட்டுங்கள் என்றால், "அதான் மாத்திரை போடுறேன்ல, பொறவு என்னட்டி?" என்பார். வீட்டிலும் காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசிதான். நான் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போகிறவள். போகும் அவசரத்தில் எது சீக்கிரம் வேகுமோ அதைத்தான் பொங்க முடியும்.

ஒரு நாள் எதிரே வரும் வண்டி மங்கலாகத் தெரிகிறது என்றார். டிரைவருக்குக் கண் போனால் எல்லாம் போயிற்று. அன்றைக்கே வில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் அவரைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டு, சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பி வைத்தார்.

அந்த அம்மா ஒரு காலித் தட்டை மேஜை மேல் வைத்து விரலால் கோடு போட்டுக் காட்டினார். பாதித் தட்டுக்குக் காயும் கீரையும். மீதியில் ஒரு பங்கு பயறு, ஒரு பங்கு தானியம். அவ்வளவுதான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்து, வந்த வேகத்தில் கேப்பை, அதாவது கேழ்வரகு, வாங்கி அரைத்துச் செம்பு செம்பாகக் கூழ் ஊற்றினேன். கேப்பை சுகருக்கு நல்லது என்று சொல்லாதவர் யார்? மறுபடி ரத்தம் கொடுத்தபோது சுகர் அசையவே இல்லை. "கேப்பையும் மாவுச்சத்துதாம்மா. அதைக் கரைச்சுக் குடிச்சா விறுவிறுன்னு ரத்தத்துல ஏறும். தானியத்த முழுசா, மென்னு திங்கிற மாதிரி, அளவாக் குடுங்க" என்று அந்த அம்மா சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் அடுப்படியே மாறிப்போனது. கம்பை இடித்துப் புடைத்து உதிரியாகச் சோறு வடித்தேன். ஒரு நாள் குதிரைவாலி, ஒரு நாள் சாமை, எதுவானாலும் ஒரு கரண்டிக்கு மேல் கிடையாது. தட்டாம்பயறு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, பாகற்காய், வாழைப்பூ என்று மாற்றி மாற்றி வைத்தேன். ஜூஸ் கிடையாது, ஒரு கொய்யாக்காயைக் கடித்துத் தின்ன வேண்டும். டீயில் சீனி இல்லை. "மாட்டுத் தொட்டி மாதிரில்ல இருக்கு என் தட்டு" என்று முனகினார். சீனியவரைக்காய் வைத்தால் மட்டும், "பேர்லயாவது சீனி இருக்கே" என்று சிரித்துக்கொண்டே தின்பார். டீக்கடைகளுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன். "அவியளுக்கு இனி யாராவது சீனி போட்டீங்க, கடை முன்னால உக்காந்து ஒப்பாரி வைப்பேன்." என் வாய்க்குப் பயந்து போடாமல் இருந்தார்கள்.

சுகர் இறங்கியது. கண் தெளிந்தது. வயிறு வற்றி, சட்டை தொளதொளத்தது. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்து, "உங்க வீட்டுச் சாப்பாடு வேலை செய்யுது. விட்டுறாதீங்க" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. பஸ் ஏறும்வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தெருவில் வரும்போது அவர் செருப்பு ஒன்று கழன்று கிடக்கும். அவர் பாட்டுக்கு மறு செருப்போடு வீடு வந்து சேர்வார். "செருப்பு எங்க?" என்றால் காலைக் குனிந்து பார்த்துத்தான் பதில் சொல்வார். கேலி செய்தோம். கால் பஞ்சின் மேல் வைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு முறை சொன்னார். பஞ்சு மில் ஊரில் அது சுகமான பேச்சாகவே காதில் விழுந்தது. டாக்டரிடம் அவரும் சொல்லவில்லை. வலி என்றால் அல்லவா சொல்லத் தோன்றும்.

தை மாதம் ஒரு சாயங்காலம், அவருடைய அக்கா, அதாவது என் மதினி, வந்திருந்தபோதுதான் இவர் அந்த நேர்த்திக்கடன் பேச்சை எடுத்தார். கண் மங்கியபோது அம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். சுகர் இறங்கி, கண் தெளிந்தால் பங்குனியில் பூக்குழி இறங்குகிறேன் என்று. எங்கள் பக்கத்தில் கனன்று கிடக்கும் நெருப்பைப் பூ என்றுதான் சொல்வோம். மதினி உடனே கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விடியக்காலம் எந்திரிச்சுக் கம்பு இடிச்சது நானு. பேரு அம்மனுக்கா?"

அவர் சிரித்தார். "ஒனக்குள்ள இருந்து இடிச்சதும் அவதாம்ட்டி."

அப்படி ஒரு வார்த்தை சொன்ன மனிதரிடம் மேற்கொண்டு என்ன சண்டை போடுவது? சரி என்றேன்.

காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டி உடுத்தி, செருப்பில்லாமல் விரதம் இருந்தார். இருக்க வேண்டிய முறைப்படி ஒன்றுவிடாமல் இருந்தார். பூக்குழி அன்று மத்தியானம் வெயிலும் நெருப்புமாகக் கூட்டத்தின் முகமெல்லாம் எரிந்தது. காப்புக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக ஓடினார்கள். கடைசி அடியில் தாவி, குழிக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீரில் போய் விழுந்தார்கள். அவர் ஓடவில்லை. கடைத்தெருவில் நடப்பது போல, ஒவ்வொரு அடியையும் முழுதாக ஊன்றி நடந்து வந்தார். பெண்கள் போட்ட குலவை வானத்தைப் பிளந்தது.

"சுட்டுச்சா?" என்று கேட்டேன்.

"ஈரத்தரையில நடந்த மாதிரி இருந்துச்சுட்டி" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

முன்பின் தெரியாத பெண்கள் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார்கள். மதினி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் தொட்டேன். நெஞ்சு நிறைந்திருந்தது. என் புருஷனைப் போல் யார் என்று இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. விரதத்தில் குறை இருந்தால்தான் பூ சுடும் என்பார்கள். ஒருவர் காலில் கொப்புளம் கண்டால் போதும், அவர் ஒளித்து என்ன தின்றார், எங்கே போனார் என்று தெரு முழுக்கப் பேசி முடித்துவிடும். என் வீட்டுக்காரர் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம் கிளம்பியிருக்கிறது. வலிக்காததால் அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. தெரிந்ததும் திருநீறும் மஞ்சளும் அப்பி, மேலே சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். பங்குனி வெயிலில் சாக்ஸ் எதற்கு என்றதற்கு, பஸ் கம்பெனியில் புதுச் சட்டம் என்றார். நான் நம்பினேன். வலது காலால்தான் பிரேக்கை மிதிப்பார். நாள் முழுக்க மிதித்தார்.

வாடை காட்டிக்கொடுத்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று வீடெல்லாம் தேடினேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவரின் பக்கத்தில் போனபோதுதான் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. காலைப் பிடித்துச் சாக்ஸை உருவினேன். சாக்ஸோடு தோலும் வந்தது. அவர் பாகற்காயைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எம்புட்டு நாளா இப்படி இருக்கு? சொல்லக் கூடாதா?"

"சொன்னா என்னமோ தின்னுட்டான்ம்பாவ. சத்தியமா நான் ஒண்ணுந் தொடலட்டி. ஒரு துண்டு பால்கோவாகூடத் தொடல."

எனக்குத் தெரியும், அவர் தொடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைச் சுற்றிச் சுற்றி அழுத்தினார். வலிக்கிறதா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டார். இல்லை, இல்லை என்று இவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். நான்தான் கத்தினேன். சுகர் இறங்கிவிட்டதே, நீங்கள்தானே நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்கள் என்று. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சுகர் இப்போது கட்டுக்குள் இருப்பது நிஜம். ஆனால் அது பல வருஷம் ஏறிக் கிடந்ததில் பாதத்தின் நரம்பு எப்போதோ செத்துவிட்டது. சாப்பாடு இனி வரும் கேட்டைக் குறைக்கலாம், செத்த நரம்பை எழுப்பாது. அம்மன் கொடுத்த குளிர்ச்சி என்று நாங்கள் கும்பிட்டது அதைத்தான்.

மதுரைக்குக் கொண்டு போனோம். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்; இடது காலின் புண் மெல்ல ஆறியது. மதினி கட்டிலருகே உட்கார்ந்து அழுதார்; அழுது முடித்துவிட்டுத் தம்பியின் காதோரம் குனிந்து, "நெசத்தச் சொல்லு. விரதத்துல ஏதும் கொறை வச்சியா?" என்று கேட்டார். நான் மதினியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். "மதினி, அவிய விரதம் சுத்தமா இருந்துச்சு. காலுக்குத்தான் உசுரு இல்ல. இனிமே இத அவியகிட்ட கேக்காதீங்க" என்றேன்.

பஸ் போயிற்று. இப்போது நாற்காலியும் ஊன்றுகோலும்தான். கம்பெனியில் நாள் முழுக்க யார் யார் காயத்துக்கோ துணி மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே துணியால் அவர் காயத்தைக் கட்டினேன். வெட்டிய இடம் நன்றாக ஆறுகிறது, சுகர் கட்டுக்குள் இருப்பதும் அதற்குக் காரணம், இன்னொரு காலைக் காப்பாற்ற வேண்டுமானால் மருந்தையும் இந்தச் சாப்பாட்டையும் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விடவில்லை. இப்போதும் கம்பு இடிக்கிறேன். முன்பு இருந்த பெருமைதான் இல்லை. அவரும் கேலி பேசாமல் வைத்ததைத் தின்கிறார். அவர் கேலி பேசினால் நன்றாக இருக்கும்.

இடது காலைத் தினமும் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் கீறல் உண்டா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு கால்விரல் நுனியையும் பூப்போல லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்கவும் நர்ஸ் கற்றுக்கொடுத்திருக்கிறார். அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வோம். ஆரம்பத்தில் தொட்டவுடன் "தெரியுது" என்று சொல்லிவிடுவார். எனக்கு அன்றைய பொழுது அதிலேயே ஓடிவிடும். போகப்போகப் பதில் வரத் தாமதமானது.

போன ஞாயிறு வழக்கம் போல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து விரலை நீட்டினேன். சுண்டுவிரலுக்கு ஒரு நூல் தூரத்தில் என் கை நின்றுவிட்டது. பயமாக இருந்தது. அவர் செத்த நேரம் காத்திருந்து பார்த்தார்.

"தெரியுதுட்டி" என்றார்.

நான் இன்னும் தொடவில்லை.