அறுபதாம் கல்யாண உறைக்குள் மக்காச்சோளம்

குடவாசல் பக்கத்தில் இருக்கும் என் வயலில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, நான்கு கோடைகள் மக்காச்சோளம் போட்டேன். கோழித் தீவனமா என்று கேட்டார் பக்கத்து வயல்காரர். ஜீன் ஆராய்ச்சி என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

கல்லூரியில் தாவரவியல் நடத்துபவன் நான். என்னிடம் ஆய்வு செய்த பெண் கடலோர மீனவக் குடும்பம். அவள் எடுத்துக்கொண்டது தாவும் ஜீன். அது நிற ஜீனுக்குள் போய் உட்கார்ந்தால் மணி வெளிறிவிடும்; மணி வளரும்போது அங்கங்கே எழுந்து போனால் ஊதாப் புள்ளி விழும். செடி அதன்மேல் ஒரு ரசாயனப் பூட்டைப் போட்டு அடக்கிவைக்கும். எங்கள் செடியில் அந்தப் பூட்டு தலைமுறை தாண்டியும் திறக்காது என்பதுதான் அவள் ஆய்வேடு. மூன்று கோடைகளில் ஒரு புள்ளிகூட இல்லை. நான்காவதும் அப்படியே வந்தால் பட்டம்; ஒரு வேலையும் அதற்காகக் காத்திருந்தது.

வேற்று மகரந்தம் புகாமல், அதே செடியின் மகரந்தத்தை நாமே தூவும்வரை இளங்கதிரை உறை போட்டு மூட வேண்டும்; தூவிய பின்னும் அறுவடைவரை அந்த உறை கதிர்மேலேயே இருக்கும். வாங்கியவை தீர்ந்துபோனதால், திருக்கடையூரில் நடந்த என் அண்ணனின் அறுபதாம் கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகை உறைகளை மாட்டினேன். முனையில் மஞ்சள் தடவியவை. சிக்கனம் எங்கள் குடும்ப ஜீன். அதற்குப் பூட்டே கிடையாது.

அறுவடையன்று உச்சிவெயில். இலை அசையவில்லை. அவள் ஒவ்வொரு கதிராக உரித்தாள். எல்லாம் வெளிறிய மணிகள், பல்வரிசை போல. பிறகு ஒன்றில் கை நின்றது. ஒரு பக்கத்தில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, மணிக்கு மணி ஊதாப் புள்ளி. அத்தனையும் எங்களையே பார்த்தன. கதிரைத் திருப்பிவைத்தேன். பின்பக்கம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. அது இன்னும் மோசம்.

எனக்கோ உள்ளூர நிம்மதி. என் உறையில் ஓட்டை இருந்து வேற்று மகரந்தம் புகுந்திருக்கும், இந்தக் கதிரைக் கழித்துவிடலாம் என்றேன். முதன்முறையாக என் அசட்டுத்தனம் ஒருவருக்குப் பயன்படப்போகிறது.

அவள் உறையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை.

“வெளியேர்ந்து வந்திருந்தா அங்கங்க சிதறியிருக்கும் சார். இது ஒரே இடமா இருக்கு. பூட்டு தெறந்து ஜீன் உள்ளயே முழிச்சிருக்கு.”

“யாரும் கேக்க மாட்டாங்கம்மா.”

“நான் பாத்துட்டேனே சார்.”

வேலை வேறொருவருக்குப் போயிற்று. பழைய விதையை எல்லாம் மறுபடி விதைத்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

இது ஐந்தாம் கோடை. வெளிறிய மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி. எது உறங்குகிறது, எது உறங்குவது போலக் கிடக்கிறது, தெரியாது. மண்ணைத் தள்ளி மூடும்போது மட்டும் என் கை கொஞ்சம் அவசரப்படுகிறது.