இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரி அவர். அலுவலகம் வைத்த பெயர் ‘பிரேக் சார்’. தேர்வுக் காரில் அவருடைய காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்துவிட்டால் ஓட்டியவர் ஃபெயில். அழுது புரண்டாலும் சரி, அமைச்சர் வீட்டு மருமகனாக இருந்தாலும் சரி, மறுபேச்சு கிடையாது. இந்த நீதிமான், கல்யாணமான புதிதில் சொந்தப் பெண்டாட்டியையே ஃபெயிலாக்கியவர். மஞ்சள் விளக்கைப் பார்த்துத் தயங்கினாளாம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. இவரும் வீட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. டிவி சத்தம், மகளின் படிப்பு, சமையலில் உப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே மிதிதான்.

அப்பேர்ப்பட்டவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து இடுப்பெலும்பு வரை பரவியது. ஆண் ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கொரு ஊசி. அது நோயை அடக்கியது. போகிற போக்கில் ஆளையும் அடக்கிவிட்டது. ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு குப்பென்று கொதித்துச் சட்டை நனைந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. போன மாதம் ஒரு பெண்ணை ஃபெயிலாக்கிவிட்டு, அவளுக்கு முன்னால் இவரே விம்மி விம்மி அழுதார். பாவம், அவள்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, "பரவால்ல சார், நான் அடுத்த மாசம் வரேன்" என்று தேற்றினாள். அலுவலகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

இன்று டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"பி.எஸ்.ஏ. எண் நல்லா இறங்கியிருக்கு, நோய் அடங்கியிருக்குன்னு அர்த்தம். வேணும்னா ஊசிய கொஞ்ச நாள் நிறுத்திப் பாக்கலாம். தெம்பு வரும். அடிக்கடி ரத்தம் பாப்போம், எண் ஏறினா மறுபடி ஆரம்பிச்சுடலாம்."

"ஆபத்து ஒண்ணும் இல்லையே?"

"இல்லன்னு சொல்ல மாட்டேன். எலும்புக்குப் பரவினவங்கள்ல சிலருக்கு நிறுத்தாம போடறதுதான் நல்லது. சிலருக்குப் பெரிய வித்தியாசம் இல்ல. நீங்க எந்தப் பக்கம்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. உங்க விருப்பம்."

உங்க விருப்பமாம்! ஊரார் தலையெழுத்தை அரை நிமிடத்தில் எழுதியவருக்குத் தன் தலையெழுத்து என்றதும் இன்னொரு ஆள் தேவைப்பட்டது. மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். "நிறுத்தவே நிறுத்தாதீங்க மாமா" என்றான். ஐந்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டு, "நிறுத்திடுங்க மாமா" என்றான். சொந்தம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

மருத்துவமனை வாசலில் காருக்குள் உட்கார்ந்தார், சாவியைத் திருப்பவில்லை. பக்கத்தில் மனைவி.

"நீ சொல்லு, என்ன பண்ணலாம்?"

"ஆனைக்கொரு காலம் வந்தா பூனைக்கொரு காலம். மஞ்ச லைட்ல தயங்கினவகிட்டயா வழி கேக்கறீங்க?"

"விளையாடாத. எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அம்மாளின் கிண்டல் பாதியில் நின்றது.

"உண்மையச் சொல்லட்டா? நிறுத்த வேண்டாம்னுதான் தோணுது. பாதி உங்க உசுருக்காக. மீதி... இந்த ஊசிக்கப்புறம்தான் நீங்க என் மூஞ்சியப் பாத்துப் பேசறீங்க. பழைய ஆளு திரும்பி வந்துடுவாரோன்னு இருக்கு."

அவருக்குக் கண் கலங்கியது. ஊசியாலா வெட்கத்தாலா என்று அவருக்கே தெரியவில்லை.

"தூக்கம் இல்ல. நடந்தா கால் இழுக்குது. இருக்கற நாள்ல கொஞ்ச நாளாவது தெம்பா இருந்து பாக்கணும்னு ஆசையா இருக்கு. நிறுத்திப் பாக்கறேனே."

"எண் ஏறுதான்னு யாரு பாக்கறது? நீங்க பாத்தா, ஏறினாலும் லேப் தப்புன்னுவீங்க."

பச்சை உண்மை. அவர் பரிசோதனைக் காகிதத்தை அவள் மடியில் வைத்தார்.

"நீயே பாரு. நீ சொன்னா அன்னிக்கே ஊசி."

அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"எண் ஏறினாலும் சரி, பழைய ஆளு எட்டிப் பாத்தாலும் சரி. நான் மிதிச்சா நீங்க ஃபெயில். மறுபேச்சு கிடையாது."

"கிடையாது" என்று ஒப்புக்கொண்டு, பிரேக் சார் வண்டியை எடுத்தார்.