நாகலெட்சுமிக்குக் கிடைக்காத கட்டில்

நாகலெட்சுமிக்கு ஆசை என்று ஒன்று வந்ததே ஒரு கட்டிலைப் பார்த்துத்தான். சிரிக்க வேண்டாம். கட்டிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது விளங்காது.

அவள் அம்மா சோலையம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்து, மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தாள். துணைக்கு இருந்த நாகலெட்சுமிக்குப் பதினைந்து வயது. அம்மாவுக்குக் கட்டில், இவளுக்குக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற தரை. அங்கே நர்சுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, துணி மூட்டையைக் கொஞ்சம் தூக்கி வா என்று இவளைத் தன் விடுதிக்குக் கூட்டிப்போனாள். நீளமான அறை. இரண்டு பக்கமும் வரிசையாக இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு தகரப்பெட்டி, பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பெயர். அந்தப் பெண் தன் கட்டிலைத் தட்டிக் காட்டி, "இது எனக்கே எனக்கு" என்றாள். அம்மா, அய்யா, இரண்டு தம்பிகளோடு ஒரே பாயில் புரண்டு வளர்ந்தவளுக்கு அது போதும். வெள்ளைச் சேலை, சம்பளம், ஊசி மருந்து எல்லாம் அதற்குப் பிறகு வந்த நினைப்புகள்.

அவள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிழக்கே, கண்மாய்த் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊர். அங்கிருந்து பஸ் ஏறிப்போய்ப் பன்னிரண்டாவது படித்தாள். அறிவியல் பாடம் எடுத்த பெண்கள் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். பாஸ் பண்ணினாள். மதுரையில் ஒரு நர்சிங் பள்ளிக்கு மனுப் போட்டாள். அந்தக் காலத்தில் அங்கே ஓர் இடம் என்பது குதிரைக்கொம்பு. ஆயிரம் பேர் மனுப் போட்டால் ஒரு கை அளவு பேரைத்தான் எடுப்பார்கள்.

அவள் அய்யா குருநாதன் கொஞ்சம் நிலமும் நிறைய வைராக்கியமும் உள்ள மனிதர். மகள் படிப்பதில் அவருக்குப் பெருமைதான். அதைவிடப் பெரிய பெருமை இன்னொன்று இருந்தது. ஊர் அம்மனுக்குச் சட்டியில் முளை வளர்த்துத் தலையில் தூக்கிப்போகிற முளைப்பாரியில் முதல் பாரி அவர் வீட்டுப் பாரி. அவர் வீட்டுக் கன்னிப்பெண் தலையில் ஏறிய பிறகுதான் மற்ற வீட்டுப் பாரிகள் கிளம்பும். தலைமுறை தலைமுறையாக வருகிற உரிமை அது.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். அதற்கு முன்னால் இரண்டு வருஷமாக மழை இல்லை. கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆடு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். இந்த ஆவணியில் ஆத்தாளுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று ஊர் கூடிப் பேசியது. செவ்வாய்க்கிழமை நாகலெட்சுமி கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிய பெண், பாரியைக் கரைக்கிற நாள்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இருட்டறையில் வைத்த சட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். முளை வாடினால் ஊர் வாடும் என்று நம்புகிற ஜனங்கள்.

காப்புக் கட்டி இரண்டாம் நாள், நர்சிங் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த புதன்கிழமை காலையில் மதுரைக்கு நேரில் வர வேண்டும். பாரி கரைக்கிறது வெள்ளிக்கிழமை. நாகலெட்சுமி கடிதத்தையும் கையில் கிடந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குருநாதன் அசரவில்லை.

"நீ எதுக்கு ஆத்தா போகணும்? நான் போறேன்."

"என்னையத்தானய்யா வரச் சொல்லிருக்காக."

"வீட்டுக்குப் பெரியவன் நேர்ல போயி நின்டாப் போதாதா? காப்புக் கட்டியிருக்கு, முடிஞ்ச ஒடனே கூட்டிட்டு வாரேன்டு சொல்லிட்டு வாரேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பட்டா மாற்றவோ, உரம் வாங்கவோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவோ, அந்த வீட்டிலிருந்து எந்தப் பெண்ணும் எந்த ஆபீசுக்கும் போனதில்லை. எல்லாவற்றுக்கும் அவர்தான் போய் நின்றார், எல்லாம் நடந்தது. இதுவும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். சான்றிதழ்களை மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தபோது நாகலெட்சுமியும் பாதி அப்படியே நினைத்தாள்.

புதன்கிழமை பொழுது சாய்கிற நேரம் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் புழுதி. முளை அறை வாசலில் வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"படிக்கப்போறது நீங்களா, ஒங்க மகளான்டு அந்தப் பெரிய நர்சம்மா கேட்டாக. சுத்தி நின்ட பிள்ளைக எல்லாம் சிரிச்சிருச்சுக."

"அப்புறம்?"

"ஒன் மார்க்கைப் பாத்தாக. நல்ல மனுசி. நாளைச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எடத்த வச்சிருக்கேன், பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்கன்டாக. அதுக்கு மேல அவுக கையில இல்லையாம்."

நாகலெட்சுமிக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்பப் போவோம்யா. விடியவும் மொத வண்டி."

"காப்பு?"

"அறுத்துருவோம்."

சோலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குருநாதன் என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இந்த வருஷமும் மழை தவறினால், குருநாதன் மகள் காப்பறுத்ததால்தான் ஊர் பாழானது என்பார்கள். அவர் சாகிறவரைக்கும் சொல்வார்கள். முதல் பாரி பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அதையும்விட, அவருக்கே உள்ளூர அந்தப் பயம் இருந்தது.

"ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். காலையில பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா நானே கயித்த அறுக்குறேன், நேரா பஸ்தான்."

நாகலெட்சுமி சரி என்றாள். அவளும் அந்த ஊர்ப் பெண்தானே. பசியும் பட்டினியுமாகக் கிடந்து தண்ணீர் தெளித்த தன்னை ஆத்தாள் கைவிடமாட்டாள் என்று நம்பினாள். காலையில் குளித்துவிட்டு, நல்ல தாவணி கட்டி, மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனாள்.

சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. வாழையிலையில் தனித்தனியாகச் சுருட்டி, நாரால் கட்டி, பீடத்தில் போட வேண்டும். பூசாரி பால்சாமி கட்டப் போனபோது, "எம் பிள்ளை காரியம், நானே கட்டுறேன்" என்று குருநாதன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் ராக்குவை எடுக்கச் சொன்னார்கள். அது ஓடிப்போய் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. குருநாதன் பிரித்தார்.

சிவப்பு.

"உத்தரவு இல்ல, ஆத்தா" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அது நடிப்பில்லை, நிஜமான அழுகை. தார் ரோட்டில் முதல் வண்டி ஆரன் அடித்துக்கொண்டு போனது எல்லோருக்கும் கேட்டது.

மற்றவர்கள் கலைந்த பிறகு நாகலெட்சுமி கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பொட்டலம் பீடத்தடியில் குங்குமத்துக்குள் கிடந்தது. வேறெதற்கும் இல்லை, தனக்குக் கிடைக்காமல் போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. எடுத்து நாரை அவிழ்த்தாள்.

அதுவும் சிவப்புத்தான்.

பிறகு எழுந்தாள். மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தார் ரோட்டைப் பார்த்து நடந்தாள். பத்தரை மணி வண்டியைப் பிடித்தால்கூட ஐந்து மணிக்குள் மதுரை போய்விடலாம். ஊர் எல்லைக் கல்வரைக்கும் கால் வேகமாகத்தான் வந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் வைக்கத்தான் எழவில்லை. கையில் பஸ்ஸுக்குக் காசில்லை. தனியாக ஒரு தடவைகூட மங்கலத்தைத் தாண்டிப் போனதில்லை. இதையெல்லாம் ஒருவேளை சமாளித்திருப்பாள். கையில் கிடந்த அந்த மஞ்சள் கயிற்றைத்தான் அவளால் சமாளிக்க முடியவில்லை. பொய் சொன்னவர் அய்யா. ஆத்தாள் என்ன சொல்லியிருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? வண்டி வந்தது, நின்றது, போனது. புழுதி அடங்கியதும் அவள் திரும்பி வந்து முளைக்குத் தண்ணீர் தெளித்தாள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தது. குருநாதன் வீட்டுப் பாரிதான் மழையைக் கொண்டுவந்தது என்று ஊரே பேசியது. ராமசுப்பிரமணியன் என்ற வாய்த்துடுக்குள்ள பங்காளிகூட வீடு தேடி வந்து குருநாதன் கையைப் பிடித்துக்கொண்டான். மதுரையில் வேறு எவளோ தன் தகரப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்திருப்பாள். நாகலெட்சுமி முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டாள். அந்த வருஷத்து நெல்லில் வடித்த சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. மழை பெய்யாமல் போயிருந்தால் அய்யாவை வெறுக்கவாவது செய்திருக்கலாம்.

மறு வருஷம் போட்ட மனுவுக்குப் பதிலே வரவில்லை. அதற்கடுத்த தையில் கமுதிப் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருந்த தங்கசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்லவன்தான், குடிப்பதில்லை, அடிப்பதில்லை. வற்றல் பொறுக்கிப் பொறுக்கி அவள் விரல் நுனியெல்லாம் எரிந்தது. மூன்று பிள்ளைகள். பாய்தான், தரைதான். முளைப்பாரிக்கு மட்டும் பிறந்த ஊருக்குப் போகமாட்டாள். கேட்டால் காட்டில் வேலை என்பாள்.

இரண்டாயிரத்து ஏழில் குருநாதனுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், தம்பிகள் திருப்பூரில். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க நாகலெட்சுமிதான் வந்தாள். அவருக்குக் கட்டில், இவளுக்கு அடியில் இருக்கிற தரை.

ஒரு நாள் ராத்திரி நர்சுக்குப் படிக்கிற பெண் ஒருத்தி வந்து அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். வாய் கோணிய அந்தக் கிழவர், குழறிக் குழறி அவளிடம் சொன்னார்.

"எம் மகளும் ஒன்னைய மாதிரி ஆகவேண்டியவதான், தாயி. ஆத்தா உத்தரவு குடுக்கல."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நாகலெட்சுமி அவர் உதட்டோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்தாள். இத்தனை வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்தது தானாக வெளியே வந்தது.

"ரெண்டும் செவப்புத்தானய்யா."

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஆத்தா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா வெள்ளையாயிருக்குமா?"

அவர் நல்ல கையால் அவள் மணிக்கட்டைத் தடவினார், அங்கே கயிறு இன்னும் கிடக்கிற மாதிரி. பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகலெட்சுமி கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துப் படுத்தாள்.