புல்லுக்கட்டு அம்மன்

போன வாரம் நவராத்திரியில், கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புது அம்மனுக்கு ஆரத்தி எடுத்தார்கள். அந்த அம்மனைச் செய்தவள் நான்தான். ஆனால் நான் செய்தது அம்மனே இல்லை... புல்லுக்காரி கல்யாணி!

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் வாட்டர் கலர் போடுகிறவள் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் படங்களைப் பற்றி எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. பார்க்கிறவர்களுக்கு வந்திருக்கலாம். அது அவர்கள் பாடு.

இந்த வருஷம் புதிதாக ஒரு யோசனை. நம் பெண்கள் அச்சடித்த சுவாமி படத்தை வாங்கி, பட்டுத் துணி வெட்டி ஒட்டி, ஜரிகை வைத்து, பாசிமணியில் நகை போட்டு, கண்ணாடிக்குள் மாட்டுகிறார்கள் இல்லையா? எங்கள் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது. அந்த வேலையை ஏன் சுவாமிக்கு மட்டும் செய்ய வேண்டும்? முகத்தையும் கைகளையும் நானே வாட்டர் கலரில் போட்டு, மற்றதை நிஜச் சாமான்களால் ஒட்டினால் என்ன? ஒட்டுப்படம் என்று பேரும் வைத்துவிட்டேன்.

யாரைப் போடுவது? அதில் யோசனையே இல்லை. ஆறு வருஷமாக எங்கள் பசுவுக்குத் தினமும் புல் கொண்டுவருகிறவள் கல்யாணி. தலையில் கட்டோடு கொல்லையில் அவள் நிற்கிற நிற்பு இருக்கிறதே... எந்த ஆபீஸரும் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"என்னெ எதுக்கம்மா வரயணும்? ஊருல வேற ஆளில்லியா?" என்று சிரித்தாள். ஆனாலும் பத்து நாள், தினம் கால் மணி நேரம், தலைச் சுமையோடு நின்றாள். பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தீந்தா எனக்கு ஒண்ணு காட்டித் தரணும், கேட்டோ."

"கட்டாயம்" என்று வாக்குக் கொடுத்தேன்.

வைகாசியில் இங்கே பிடிக்கிற இடவப்பாதி மழையில் வாட்டர் கலர் போட்டிருக்கிறீர்களா? காலையில் பூசிய நீலம் சாயங்காலம்வரை ஈரம். காகிதம் அலை அலையாக எழும்பியது. அப்பளப் பலகையில் காகிதத்தை நனைத்துப் பரப்பி, ஓரங்களைப் பசையால் ஒட்டினேன் — அடங்கியது. ஈர நீலத்தில் சமையலறையிலிருந்து இரண்டு உப்புக்கல் விழுந்துவிட்டது. காய்ந்த பிறகு பார்த்தால், விழுந்த இடமெல்லாம் மழைச் சாரல்! பிறகு வேண்டுமென்றே ஒரு பிடி தூவினேன்.

முதல் படத்தைக் கரப்பான் தின்றது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்க மறந்தது என் குற்றம். இரண்டாவதில் மறக்கவில்லை. ரவுக்கைக்கு வெங்காயத் தோல், முண்டுக்கு வேஷ்டிக் கிழிசல், மூக்குத்திக்கு ஒரு பாசிமணி. கல்யாணியிடம் ஜரிகை முண்டு கிடையாது. என் படத்தில் உண்டு — என் பழைய புடவையின் கரையை வெட்டி வைத்தேன்.

புல்தான் படுத்தியது. பச்சையாக ஒட்டினால் மூன்றாம் நாள் பூசணம். கடைசியில் வீட்டுக்காரரின் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே வைத்து உலர்த்தினேன். அவர் கோர்ட்டில் ஏதோ தீர்ப்பை எடுத்துக் காட்டப் போக, பக்கத்துக்குப் பக்கம் புல் கொட்டியிருக்கிறது. ஜட்ஜ் சிரித்தாராம். இவர் சிரிக்கவில்லை.

படத்தைப் பிரேம் போடப் பழவங்காடியில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் ஜரிகையைப் பார்த்தார். உடனே செருப்பைக் கழற்றினார்! சுவாமி படத்துக்குப் போடுகிற தங்க வர்ணப் பிரேமைப் போட்டு, கண்ணாடியின் உச்சியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். இது சுவாமி இல்லை என்று நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பிரேம் நன்றாக இருந்தது... பேசாமல் வாங்கி வந்துவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கூடத்தில் கொலுப் படிக்கு மேலே ஆணி ஒன்று காலியாக இருந்தது. மாட்டினேன். நவராத்திரி மூன்றாம் நாள் பார்வதி மாமி வந்தார். மாமி யார் தெரியுமா? என் வீட்டுக்காரர் எந்தப் பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாரோ, அவருடைய மனைவி. படத்தை அண்ணாந்து பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாகம்பரி அம்பாள்னா இது! தலையில பச்சையைத் தாங்கிண்டு என்ன தேஜஸா நிக்கறா பாருங்கோ! யார் ஜானகி பண்ணினது?"

"நான்தான் மாமி" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. பாராட்டு என்றால் எனக்கு அவ்வளவு சபலம்.

அன்றே குங்குமம் வைத்தாயிற்று. பாட்டுப் பாடியாயிற்று. அன்றிலிருந்து தினமும் ஆரத்தி. "விஜயதசமிக்கு அம்பாள் எங்காத்துப் பூஜை ரூமுக்கு வந்துடணும், சொல்லிட்டேன்" என்று மாமி உத்தரவும் போட்டுவிட்டார்.

"குடுத்துடு" என்றார் வீட்டுக்காரர். "சாகம்பரியாவே இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கேஸ் வர்றது அவாத்து வழியாத்தான்."

கொல்லையில் கல்யாணி தினமும் கேட்டாள்: "தீந்தோ அம்மா?"

"இன்னும் காயலை" என்றேன் நான். ஆறு நாளும் அதே பொய். கோயில் கதவே எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகும், புல்லுக்காரி துவைக்கிற கல்லைத் தாண்டி வரக்கூடாது என்பது எங்கள் தெருச் சட்டம். படம் கூடத்தில் ஆரத்தி வாங்குகிறது. ஆள் ஆறு வருஷமாகக் கொல்லையில் நிற்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே சுண்டல் விநியோகமும் செய்தேன்.

சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் கூடம் நிறைய மாமிகள். கொல்லையிலிருந்து குரல்.

"அம்மா... இப்பளாவது காஞ்சுதா?"

போதும் என்று தோன்றிவிட்டது. முக்காலியைப் போட்டு ஏறினேன். படத்தில் கை வைத்தேன்.

"எங்கே எடுத்துண்டு போறே?" என்றார் பார்வதி மாமி.

"கொல்லைக்கு. ஒருத்திக்குக் காட்டறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அம்பாளைக் கொல்லைக்கா? அபசாரம்! கீழே இறங்கு!"

இறங்கினேன். மாமி சொன்னது நியாயந்தானே? அம்பாள் கொல்லைக்குப் போகக் கூடாது. சரி... அப்படியானால் கல்யாணி கூடத்துக்கு வரட்டும்!

கொல்லைக்குப் போய், "சுத்திண்டு வாசல் வழியா வா" என்றேன்.

"வேண்டாம்மா. ஆளுக உண்டு. பிறகு பாத்துக்கலாம்."

"இப்பவே பாக்கணும். வா."

காலைக் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டை இறக்கி வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், தலையில் புல்லோடேயே வாசல் நிலையில் குனிந்து உள்ளே வந்து நிமிர்ந்தாள். மேலே ஒரு தரம், எதிரே ஒரு தரம் என்று எல்லார் கண்ணும் போய்ப் போய் வந்தது. அதே மூக்குத்தி. அதே நிற்பு.

"மாமி, இவ கல்யாணி. ஆறு நாளா நாம ஆரத்தி எடுத்தது இவளுக்குத்தான்" என்றேன்.

பார்வதி மாமியின் கையில் குங்குமச் சிமிழ். கொலு பார்க்க வருகிற சுமங்கலி யாரானாலும் குங்குமம் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்பது மாமி எனக்குச் சொல்லித் தந்ததுதான். சிமிழைத் தட்டில் வைத்தார். விறுவிறுவென்று வெளியே போனார். பின்னாலேயே இரண்டு பேர். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள் — சுண்டல் இன்னும் வரவில்லை.

சிமிழை எடுத்து நான் நீட்டினேன். கல்யாணி அதைக் கவனிக்கவே இல்லை. படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். அழப் போகிறாளோ?

"மூக்கும் முழியும் எல்லாம் செரிதான்" என்றாள் கடைசியில். "பட்சே புல்லு உணங்கிப் போச்சே அம்மா! நான் கொண்டார புல்லா இது? பசு மோந்துகூடப் பாக்காது!"

இத்தனை மாதத்தில் என் படத்தைப் பற்றி யாராவது சொன்ன ஒரே சரியான விமர்சனம் அது.

இந்த வாரம் பெரிய வக்கீல் வீட்டிலிருந்து கேஸ் கட்டு ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரர் என்னோடு பேசுகிறார், அளந்து பேசுகிறார். வரும், சமாதானமாகும் — நான் பார்த்துக்கொள்கிறேன்.

படம் அதே ஆணியில்தான் இருக்கிறது. குங்குமக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். உலர்ந்த புல்லைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் பசைக்குப் பதில் நூல் வைத்துத் தைத்திருக்கிறேன். பச்சைப் புல்லைச் செருகிக் கட்டலாம். இரண்டு நாளில் வாடிவிடும், மாற்ற வேண்டும். மாற்ற எனக்குத் தெரியாது. கட்டுகிற பாங்கு கல்யாணிக்குத்தான் வரும்.

அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து அவளே கட்டிவிட்டுப் போகிறாள். வாசல் வழியாகத்தான்!