ஸ்டெல்லா அக்காவின் பிளாக்கில் இல்லாத படங்கள்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... ஹார்ட் அட்டாக்காம். ஐம்பதுகூட ஆகியிருக்காது.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் சிஸ்டம் ரூம். அவர் பேக்கிங் செக்‌ஷன், ஷூ பெட்டிக்கு லேபிள் ஒட்டும் இடம். கணியம்பாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்.

அக்கா ஒரு பிளாக் எழுதினார், கூட வேலை பார்த்த பாதிப் பேருக்கே தெரியாது. கடை போர்டு, ஸ்வீட் டப்பா, பீடிக் கட்டு லேபிள், ஷூ பெட்டி... இதையெல்லாம் யார் டிசைன் பண்ணினார்கள், ஏன் இந்தக் கலர், ஏன் இந்த எழுத்து என்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வேலூர் லாங் பஜாரில் போனைத் தூக்கிக்கொண்டு அலைவார். ஏதோ டாக்ஸ் ஆபீஸ் ஆள் என்று கடைக்காரர்கள் பயந்த கதையெல்லாம் உண்டு.

ஒரு பதிவு எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. ஆம்பூரில் ஒரு செருப்புக் கடை போர்டு. தமிழ் இடது பக்கத்திலிருந்து வரும், உருது வலது பக்கத்திலிருந்து வரும். பெயிண்டர் நடுவில் ஒரு ஜோடி செருப்பு வரைந்து, இரண்டு எழுத்தையும் அதன் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார். இதற்கு மட்டும் அக்கா நான்கு பக்கம் எழுதினார். அந்தப் பெயிண்டரைத் தேடிப் பிடித்துப் பேட்டியும் எடுத்தார்.

அக்காவின் போன் பழசு. போட்டோ சேர்ந்து சேர்ந்து தொங்கிப் போகும். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, கம்பெனி வெப்சைட் சர்வரில் ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் ஏற்றி, பிளாக்கில் லிங்க் கொடுத்தேன். மேனேஜருக்குத் தெரியாது.

"எங்கிட்ட குடுத்துட்டீங்கல்ல, போன்ல அழிச்சிடுங்கக்கா" என்று சொன்னவனும் நான்தான். அக்கா என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தார்.

அப்புறம் பையர் ஆடிட் வந்தது. லெதர் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு ஆட்கள் சோதனைக்கு வருகிறார்கள் என்றால் பாத்ரூமில் புது சோப்பு, ஃபர்ஸ்ட் எய்ட் பெட்டியில் புதுப் பஞ்சு. வருஷம் முழுக்க இல்லாததெல்லாம் அன்றைக்கு வந்துவிடும், இருக்கக் கூடாததெல்லாம் மறைந்துவிடும்.

சர்வரில் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஃபைல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றார் மேனேஜர். காப்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சாப்பிடப் போகும் அவசரத்தில் எடுக்கவில்லை... செலக்ட் ஆல், டெலிட். பேக்கப்பில் இருந்ததையும் சேர்த்து. ஆடிட்டர் சிஸ்டம் ரூம் பக்கமே வரவில்லை.

மறுநாள் அக்கா வந்து நின்றார். "இன்னா தம்பி, பிளாக்ல படம்லாம் காணோம், வெறும் கட்டம் கட்டமா வருது?"

"ஆடிட்டுக்காக எடுத்து வெச்சிருக்கேன்க்கா. பத்திரமா இருக்குது."

நா கூசாமல் சொன்னேன்.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு காலேஜ் அந்தப் போட்டோக்களைக் கண்காட்சிக்குக் கேட்டது. அக்கா ஓடி வந்தார். சர்வரில் வேலை நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவரும் காலேஜுக்கு அப்படியே எழுதினார். அவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்... பிறகு கேட்கவே இல்லை. அக்கா என்னைத் திட்டவும் இல்லை. உனக்கு வேலை ஜாஸ்தி, பாவம் என்றார்.

சில மாதத்தில் நான் வேலூரில் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அக்கா புது வருஷத்துக்கும் பொங்கலுக்கும் மெசேஜ் போடுவார். நான் ஒரு கும்பிடு எமோஜி போட்டு முடித்துக்கொள்வேன். எங்கே படத்தைக் கேட்டுவிடுவாரோ என்று பயம். அந்த பிளாக் பக்கம் போகவே இல்லை. கோழை, வேறு என்ன சொல்ல.

இன்று பதினோரு மணிக்கு அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். அழுதுகொண்டேதான் பேசினார். "தம்பி, அவ எடுத்த போட்டோல்லாம் ஒங்கிட்ட இருக்குதாமே. நாளைக்கு சர்ச்ல வெக்கணும்னு பொண்ணு கேக்குது. எடுத்துட்டு வர்றியா?"

வருகிறேன் அண்ணா என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகுதான் பிளாக்கைத் திறந்தேன். கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே அக்கா புதிதாக எழுதி வைத்திருக்கிறார்.

"இது ஆற்காட்டு மக்கன் பேடா ஸ்வீட் டப்பாவின் மூடி. மஞ்சள் மேல் சிவப்பு. இடது மூலையில் சிவப்பு மை கொஞ்சம் நகர்ந்து அச்சாகியிருக்கும், எனக்குப் பிடித்ததே அதுதான். படம் எங்கள் சிஸ்டம் தம்பியிடம் பத்திரமாக இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது போடுவார்."

எல்லாப் பதிவிலும் இப்படித்தான்... படத்துக்குப் படம் வேறு வேறு விவரம். கடைசி இரண்டு வரி மட்டும் மாறவே இல்லை.

அத்தனையையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஹார்டு டிஸ்கிலும் ஏற்றிவிட்டேன், இப்போது. நாளைக்கு அந்த எழுத்தைத்தான் கொண்டு போக முடியும். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

ஸ்டெல்லாக்கா... ஒரு படம்கூட எங்கிட்ட இல்லக்கா. அன்னைக்கே அழிச்சிட்டேன்.

போய்ட்டு வாங்க.