கண்ணாடியில் வைத்த பொட்டு

அன்றைக்குக் காலையில் என் கட்டைவிரல் நகத்துக்குள் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. குளித்தும் போகவில்லை, ஊக்கால் நெம்பியும் வரவில்லை. குங்குமம்தானே, தானாகப் போகட்டும் என்று விட்டுவிட்டுப் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினேன்.

நான் இறங்குவது கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் வரும் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே பழைய சரக்குக் கொட்டகை ஒன்றில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் சேர்ந்து ரயில் காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரயில்வே கேட்டில் கேட்காரராக இருந்தவர். அவர் போன பிறகு அவருடைய கைவிளக்கைக் கொண்டுபோய் அங்கே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனால் அதன் கண்ணாடி முழுக்கத் தூசி. முந்தானையால் துடைத்தேன். பக்கத்தில் இருந்த மணியும் அழுக்காக இருந்தது, அதையும் துடைத்தேன். அப்படியே மூன்று வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வாரத்தில் நாலு நாள். சம்பளம் கிடையாது, நானும் கேட்கவில்லை.

பேச்சு எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதன் பிறகு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனியில் பெருக்கித் துடைக்கும் வேலை. அங்கேயும் இருபத்தைந்து வருடம் தலையைக் குனிந்தே கழித்தேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் யாராவது என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். துடைக்கிற வேலையில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

காட்சிக்கூடத்தின் செல்லப்பிள்ளை ஒரு குட்டி நீராவி எஞ்சின். ஏதோ சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்ததாம். மாந்தோப்பைச் சுற்றி ஒரு தண்டவாளம் போட்டு, மூன்று பெட்டி மாட்டி, அதில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். ஐப்பசி மழை தொடங்கினால் மூடிவிடுவார்கள், பொங்கலுக்குத்தான் மறுபடி திறப்பார்கள். ஆயுத பூஜையன்று எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு ஷெட்டுக்குள் தள்ளினால் மார்கழியில்தான் வெளியே வரும். அதற்குள் ஈரத்தில் சந்தனமும் குங்குமமும் ஊறிப் பித்தளையோடு ஒட்டிப் பச்சை பிடித்துவிடும். அதைச் சுரண்டி எடுப்பது என் பங்கு. பழைய புளி, சாம்பல், தேங்காய் நார். வேறு எதையும் நான் நம்புவதில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பாய்லர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ரயில் ஓடும். மழை நாட்களில் எஞ்சினின் வால்வைக் கழற்றி ஸ்பிரிங் மாற்றியிருந்தார்கள். அதனால் முந்தின நாள், வியாழக்கிழமை, நெருப்பு மூட்டி வால்வைச் சரிசெய்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

பழைய டிரைவர் எழுபதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. பழைய ஃபிட்டர் அவரைவிட நாலைந்து வயது இளையவர். இருவரும் ஒருவரையொருவர் வம்புக்கிழுக்காமல் ஒரு வேலையும் செய்ய மாட்டார்கள். கூடத்தின் பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. நான் அவரை அம்மா என்பேன், வயதில் என்னைவிடச் சின்னவர்தான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே நெருப்பு வைத்திருந்தார்கள். நான் போகும்போது மணி எட்டரை. எஞ்சின் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது, இன்னும் சத்தம் வரவில்லை. ஃபிட்டர் மேலே ஏறி வால்வுக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். டிரைவர் கீழே மீட்டரைப் பார்த்து நின்றார். நான் வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு படி ஓரமாக நின்றேன்.

“எப்பா, மேல உக்காந்துக்கினு தூங்கிடாத,” என்றார் டிரைவர்.

“நீ கண்ணத் தொறந்து வை, அது போதும். ஒத்தக் கண்ணு வேற.”

“அந்த ஒத்தக் கண்ணுலதான் உன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தேன்.”

“அதான் தெரியுதே.”

ஆசிரியை சிரித்தார். நானும் சிரித்தேன், சத்தம் இல்லாமல்.

வால்வு சரிசெய்வது எப்படி என்று நின்று பார்த்ததில்தான் எனக்குப் புரிந்தது. உள்ளே ஆவி ஏற ஏற மீட்டரின் முள் நகரும். அளவு தாண்டினால் வால்வு தானாகத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும். சீக்கிரம் திறந்தால் ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். அந்த அளவு எது என்பதற்கு மீட்டர் கண்ணாடியின் மேல் ஒரு சிவப்புக் கோடு. மீட்டர் எண்கள் வெயிலில் வெளுத்துப் போனவை. பாய்லருக்கு வயதாகிவிட்டது என்று போன வருடம்தான் அதிகாரி அளவைக் குறைத்து, உச்சியில் இருந்த அந்தக் கோட்டைக் கீழே இறக்கிப் போடச் சொன்னாராம்.

புஸ்ஸென்று வால்வு முதல் தடவை திறந்தது. ஃபிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இறுக்கு,” என்றார் டிரைவர். “செவப்புக்கு இன்னும் எம்மாந்தூரம் கீது.”

அவர் இறுக்கினார். முள் நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி புஸ்ஸென்றது.

“இன்னும் இறுக்கு. செவப்பு இன்னும் தள்ளிக் கீது.”

அப்போதுதான் நான் மீட்டரைப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது, நான் துடைத்தது. கடிகாரம் போல வட்டம். அதன் உச்சியில், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு தீற்று. நேற்று மாலை எல்லாவற்றையும் துடைத்து முடித்துவிட்டு, வெறுமனே இருக்கிறதே என்று நான் வைத்த குங்குமம். பொட்டு என்றால் நெற்றி நடுவில்தானே வைப்போம். விரல் ஈரமாக இருந்ததால் கொஞ்சம் நீளமாக இழுபட்டிருந்தது.

அந்தக் கண்ணாடியில் வேறு சிவப்பு எதுவும் இல்லை.

என் கட்டைவிரலைப் பார்த்தேன். குங்குமம் என்றால் ஒரு சொம்பு தண்ணீரில் போயிருக்கும். இது பெயிண்ட். பத்து மணி இருக்கும் இடத்தில் பூஜைச் சந்தனம் பெரிதாக அப்பிக் காய்ந்து கிடந்தது. அதற்கு அடியில் சிவப்பாக வந்ததையும் குங்குமம் என்று நினைத்து நகத்தால் சுரண்டியது ஞாபகம் வந்தது.

சாயக் கம்பெனியிலும் பாய்லர் ரூம் உண்டு. அங்கே நான் துடைக்கப் போன முதல் நாள் ஆபரேட்டர் மீட்டரைக் காட்டிச் சொன்னது ஒரே விஷயம்தான்: “ஆயா, முள்ளு அந்தச் செவப்பத் தாண்டிக்கினு போச்சுன்னா தொடப்பத்தப் போட்டுட்டு ஓடிப் போயிடு.”

முள் அந்தப் பத்து மணி இடத்தைத் தாண்டியிருந்தது.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆசிரியை எஞ்சினை ஒட்டி நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மேலே ஃபிட்டர் ஸ்பேனரை இன்னொரு சுற்றுக்கு மாட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் நாற்பது வருடம் எஞ்சினோடு கிடந்தவர்கள், இவர்களுக்குத் தெரியாதா என்று ஒரு மனசு. தப்பாகச் சொல்லிவிட்டால் நாளையிலிருந்து எப்படி இங்கே வருவது என்று இன்னொரு மனசு. முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வந்துவிட்டது. எஞ்சினுக்குள் ஏதோ கிண் என்று ஒரு சத்தம் வந்தது.

நான் போய் டிரைவரின் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தேன். என் வாழ்நாளில் அன்னிய ஆம்பளை ஒருவரை அப்படி இழுத்ததில்லை.

“இன்னாம்மா?”

“அது கோடு இல்லண்ணா.”

“எது?”

“அது பொட்டு. நான் வெச்சது. கோட்ட நான் அழிச்சிட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார், மீட்டருக்கு நெருக்கமாக முகத்தைக் கொண்டுபோனார். விரலால் அந்தச் சிவப்பைத் தொட்டார். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அதற்கப்புறம் அவருக்கு எழுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“லூசு பண்ணு! வால்வ லூசு பண்ணுடா! மெதுவா! மேடம், நீங்க வெளிய போங்க. தூரமா, தோப்பாண்ட போங்க!”

அடுப்பின் காற்று வாயை மூடினார். நீண்ட கொக்கிக் கம்பியால் நெருப்பை வாரி வாரிக் கீழே குழியில் தள்ளினார். மேலே ஃபிட்டர் ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப ஆவி வெள்ளையாகக் கிளம்பி ஷெட்டுக் கூரையை மறைத்தது. காது அடைத்துப்போனது. என்னையும் போகச் சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை. நான் போகவில்லை, குழியில் விழுந்த நெருப்பின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றினேன். இன்னொரு வாளி கொண்டுவந்தேன். முள் அசையாமல் அதே இடத்தில் நின்றது. பிறகு மனசில்லாமல் இறங்குவது போல இறங்கியது.

பத்துக்குக் கீழே அது வந்த பிறகுதான் டிரைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்துக் கத்தினார்.

“பூச கும்புடுற எடமாம்மா இது? மீட்டருக்கு எவனாவது பொட்டு வெப்பானா? பேஜாரு புடிச்ச வேல!”

நான் காலி வாளியைக் குழி ஓரமாகக் கவிழ்த்து வைத்தேன்.

ஃபிட்டர் மேலேயிருந்து இறங்கினார். அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “யோவ், ஆயுத பூசைக்கு அந்த மீட்டரு மேல உருண்ட உருண்டையா சந்தனத்த அப்புனது யாரு? அக்காவா? நீதான? கோட்ட மொதல்ல மூடுனது நீ. அக்கா பாவம், தொடச்சுது.”

டிரைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. மறுநாள் காலை அதிகாரி வருவார். டிரைவர் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்தார்.

“ஒரு கோடுதான மேடம். இழுத்துட்டா ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னோம்னா சீல் வெச்சிட்டுப் போயிடுவாரு. பொங்கலுக்கு வண்டி ஓடாது.”

“கோடு எங்க இருந்துச்சு?” என்று ஆசிரியை கேட்டார்.

டிரைவர் கண்ணாடியில் ஒரு இடத்தில் விரல் வைத்தார். “இங்க.”

“இல்ல,” என்றார் ஃபிட்டர். “இன்னும் கீழ.” அவரும் விரல் வைத்தார். இரண்டு விரலுக்கும் நடுவில் இன்னொரு விரல் வைக்க இடம் இருந்தது.

ஆசிரியை அந்த இடைவெளியைப் பார்த்தார். “இந்த எடத்த நம்பி எத்தன புள்ளைங்கள உக்கார வெப்பீங்க?” என்று கேட்டுவிட்டுப் பெயிண்ட் டப்பாவை மூடினார்.

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். மீட்டரைப் பார்த்ததும் நின்றார்.

“கோடு எங்க?”

டிரைவர் ஃபிட்டரைப் பார்த்தார், ஃபிட்டர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை பேச வாயெடுத்தார். அவர் சொன்னால் அது கூடத்தின் தப்பாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கால் தானாக முன்னால் வந்தது.

“நான்தாங்க அழிச்சேன். குங்குமம்னு நெனச்சு.”

“எதப் போட்டுத் தொடச்சீங்க?”

“புளி, சாம்பல்.”

அவர் கண்ணாடியை ஒரு நிமிடம் பார்த்தார். “நேத்து நெருப்பு போட்டீங்களா?”

“போட்டோம் சார்,” என்றார் ஆசிரியை, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், கண்ணாடி மேல் கோடு போட்டதே தப்பு, கழற்றி உள்தகட்டின் மேல் போட வேண்டும், பாய்லரையும் திரும்ப ஒரு தடவை தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவரை நெருப்பு வைக்கக் கூடாது என்றார். அவருக்கு நாங்கள் வாங்கி வைத்த நாஷ்டாவைத் தொடவில்லை. டீ மட்டும் குடித்தார்.

பொங்கலுக்குக் கூடம் திறந்தது, ரயில் ஓடவில்லை. காணும் பொங்கலன்று கூட்டம் தாங்கவில்லை. பிள்ளைகள் நிற்கிற பெட்டியில் ஏறி உட்கார்ந்து, எப்போ கிளம்பும், எப்போ கிளம்பும் என்று கேட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் டிரைவரைக் கேட்டார்கள். ரிப்பேரு, ரிப்பேரு என்று அவர் நாள் முழுக்கச் சொன்னார். யாரால் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் விளக்கு அலமாரிக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திட்டியபோது வராத அழுகை அப்போது வந்தது.

தை கடைசியில் அதிகாரி திரும்ப வந்தார். தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். கோடு இப்போது கண்ணாடிக்கு உள்ளே, தகட்டின் மேல் இருக்கிறது. தன்னுடைய மீட்டரையும் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, முள் கோட்டைத் தொட்டதும் வால்வு திறப்பதை மூன்று தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஓடுவதாக இருந்தது. அன்று காலை நான் எஞ்சினைத் துடைத்துவிட்டுக் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்கலாமா வேண்டாமா என்று நின்றேன். டிரைவர் ஷெட்டுக்குள் வந்தார். ஷெட்டு வாசலில், பெட்டிகளில் ஏறப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களோடு வந்தவர்களும்.

“எம்மா,” என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “எனக்கு ஒத்தக் கண்ணு. செவப்பு எங்க கீது, பாத்துச் சொல்லு.”

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. பதிலுக்காக நின்றார்.

“பத்து மணில கீதுண்ணா,” என்றேன்.

“கேக்கல.”

“பத்து மணில!”

“முள்ளு?”

“ஒம்பதரை.”

அவர் தலையாட்டிவிட்டு ஏறினார். அதிலிருந்து ஓடுகிற நாளெல்லாம் கேட்கிறார், நானும் சொல்கிறேன். அன்றைக்குப் பொட்டை எஞ்சினின் முன்னால், பெட்டி மாட்டும் கொக்கிக்கு மேலே வைத்தேன். அங்கே முள்ளும் இல்லை, கோடும் இல்லை.