சீப்பு முடிக்காரர்

சோளக்காடு என்ற ஊரின் ஆபீசுக்கு நான் மாற்றலாகி வந்த புதிதில்தான் அந்த முடிக்காரரைப் பார்த்தேன். மொபெட்டில் வருவார். சீப்பில் வரும் முடியைச் சேர்த்துக் கொடுத்தால் எவர்சில்வர் கிண்ணம் தருவார். அவர் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. வாங்கும் முடியை விரலில் உருட்டி, வெயிலில் தூக்கிப் பார்க்காமல் பையில் போடமாட்டார்.

“சீயக்காய்க்குப் பதிலா அரப்புத்தூளைக் கஞ்சித்தண்ணியில கரைச்சுத் தேய்ங்க. ஈரத்தலையில சீப்பு வெக்காதீங்க” என்று எனக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான். அப்படியே செய்துவந்தேன்.

மூன்றாம் மாதம் என் முடியை வெயிலில் நெடுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது வேண்டாமுங்க. டாக்டரைப் பாருங்க.”

“ஏன், நான் சரியா அலசலையா?”

“அலசுனதுல குத்தமில்லீங்க. இது சீப்புல அறுந்த முடி இல்லீங்க, அத்தனையும் வேரோட வந்திருக்குது. என் ஊட்டுக்காரிக்கும் கடைசியில இப்படித்தானுங்க வந்துச்சு.”

முடி வாங்க வந்தவருக்கு வைத்தியம் எதற்கு என்று கத்தி அனுப்பினேன்.

இப்போதும் “தலைமுடிக்குப் பாத்திரம்” என்று கூவிக்கொண்டுதான் வருகிறார். கையோடு கொத்தாக வந்த ஈரமுடியைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் நின்று கேட்கிறேன். என் வாசல் நெருங்கியதும் அந்தக் குரல் நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டு வாசலில்தான் மறுபடி தொடங்குகிறது.